உடைக்காமல் அறிதல்: ஹான்ஸ் கிரெப்ஸும் கல்லீரலும்

தமிழில் எழுதப்படும் அறிவியலாளர் வரலாறுகளுக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. முதலில் அவமதிப்பு, பிறகு போராட்டம், இறுதியில் பரிசு. பரிசளிப்பு மேடையில் கைதட்டல் எழுந்ததும் கட்டுரை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த மனிதர் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார், என்ன செய்தார், எதைத் தேடினார் என்று எவரும் கேட்பதில்லை. திருமணத்தோடு முடிந்துவிடும் பழைய திரைப்படங்களைப் போல, நோபலோடு முடிந்துவிடும் வாழ்க்கைகள் இவை.

இந்த வார்ப்புக்கு ஹான்ஸ் அடால்ஃப் கிரெப்ஸைப் போல் பொருந்தி வருபவர்கள் குறைவு. 1900-இல் ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைமில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1933-இல் நாஜி அரசால் பணியிலிருந்து விரட்டப்பட்டவர். 1937-இல் 'நேச்சர்' இதழால் திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரையின் ஆசிரியர். 1953-இல் ஃப்ரிட்ஸ் லிப்மனோடு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். மூன்று அங்கங்களும் கச்சிதமாக அமைந்துவிடுகின்றன. பள்ளிப் பாடநூலில் 'கிரெப்ஸ் சுழற்சி' என்ற வட்டத்தை மனப்பாடம் செய்த எவருக்கும் இந்தக் கதையைச் சொல்லி உருக வைத்துவிடலாம்.

ஆனால் கிரெப்ஸ் பரிசுக்குப் பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1967-இல் ஆக்ஸ்ஃபோர்ட் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றபின் ராட்கிளிஃப் மருத்துவமனையில் ஓர் ஆய்வகத்தை அமைத்துக்கொண்டு, 1981 நவம்பரில் தம் 81-ஆம் வயதில் இறக்கும் வரை ஆய்வைத் தொடர்ந்தார். அந்த ஆண்டுகளில் அவர் பெரிதும் ஆராய்ந்தது, இளமையில் தம் முதல் பெரும் கண்டுபிடிப்பைத் தந்த அதே உறுப்பை: கல்லீரலை. அவரது ஆய்வு வாழ்வின் பொருள் விளங்க வேண்டுமானால் 1953-இல் நிறுத்தாமல் அப்பாலும் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அங்கே தெரிவது வெற்றிக் கதை அன்று. ஐம்பதாண்டுகள் ஒரே கேள்வியின் முன் நின்ற ஒருவரின் கதை. உயிருள்ள ஒன்றை உடைக்காமல் அதன் உள்ளே நடப்பதை எப்படி அறிவது என்பதே அந்தக் கேள்வி.

*

இலக்கிய வாசகர்களுக்கு இதயம் பழக்கமானது. கவிதைகளில் அதற்குப் பஞ்சமில்லை. கல்லீரலுக்கோ அந்தப் பேறு வாய்க்கவில்லை. பேச்சுவழக்கில் 'ஈரக்குலை நடுங்கியது' என்கிறோம், மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லியைத் தேடுகிறோம், அத்தோடு சரி. ஆனால் உடலின் வேதித் தொழிலில் பெரும்பகுதி நடப்பது அங்கேதான். வளர்ந்த மனிதரிடம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள அவ்வுறுப்பு, புரதம் சிதையும்போது பிறக்கும் நச்சான அம்மோனியாவைத் தீங்கற்ற யூரியாவாக மாற்றுகிறது. பட்டினி நேரத்தில் சர்க்கரை அல்லாத பொருள்களிலிருந்து குளுக்கோஸை உருவாக்கி மூளைக்கு அனுப்புகிறது. குடித்த மதுவை எரிக்கிறது.

இத்தனைக்கும் ஆற்றல் வேண்டும். அதனால் ஒவ்வொரு கல்லீரல் உயிரணுவிலும் மைட்டோகாண்ட்ரியா ஆயிரத்துக்கும் மேற்பட்டு நிறைந்துள்ளன. பாடநூல்கள் அவற்றை இழைமணிகள் என்கின்றன. உணவிலிருந்து பிரிந்த ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு சேர்த்து, அதில் கிடைக்கும் ஆற்றலை ஏடிபி என்னும் மூலக்கூறில் சேமித்துத் தரும் உலைகள் அவை. அடுத்தடுத்து இரண்டு சவ்வுகளால் மூடப்பட்டவை. உள்சவ்வு பெரும்பாலான பொருள்களை எளிதில் கடக்க விடாது. உயிரணுவுக்குள் தனிக் கதவும் தனிப் பூட்டும் உள்ள ஓர் உள்ளறை என்று கொள்ளலாம். இந்த உள்ளறைதான் கிரெப்ஸின் வாழ்க்கை முழுவதும், அவர் அறிந்தும் அறியாமலும், மையத்தில் இருந்தது.

*

1926 முதல் 1930 வரை கிரெப்ஸ் பெர்லினின் டாலம் பகுதியில் ஓட்டோ வார்பர்க்கின் உதவியாளராக இருந்தார். வார்பர்க்கிடம் கற்றவை இரண்டு கருவிமுறைகள். ஒன்று, திசுவை அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் சீவுவது. அத்தனை மெல்லிய சீவலில் ஆக்சிஜன் நடுப்பகுதி வரை ஊடுருவும்; உயிரணுக்கள் சிதையாமல் சில மணிநேரம் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். மற்றொன்று, அந்தச் சீவல் இழுக்கும் அல்லது வெளிவிடும் வாயுவை மெல்லிய கண்ணாடிக் குழாயில் திரவ மட்டத்தின் ஏற்ற இறக்கத்தால் அளக்கும் மானோமீட்டர்.

வார்பர்க் இவற்றைக் கொண்டு புற்றுத் திசுவின் சுவாசத்தை ஆராய்ந்தார். உடல் தனக்கு வேண்டியவற்றை எப்படிக் கட்டுகிறது என்பதை ஆராயவும் இவை பயன்படுமே என்று கிரெப்ஸுக்குத் தோன்றியது. ஆசிரியருக்கு அதில் ஆர்வமில்லை. வார்பர்க்கின் ஆய்வகத்தில் வார்பர்க்கின் கேள்விகளுக்கே இடமிருந்தது. மாணவர் தம் கேள்வியோடு காத்திருந்தார்.

1931-இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்கு நடுவே அந்தக் கேள்விக்கு இடம் கிடைத்தது. கூட்டாளியாக வாய்த்தவர் ஆய்வேடு எழுத வந்த மருத்துவ மாணவர் கூர்ட் ஹென்சலைட். இருவரும் எலியின் கல்லீரலைச் சீவி, இரத்த நீரின் உப்புகளை ஒத்த ஒரு கரைசலில் மிதக்கவிட்டு, அம்மோனியாவோடு ஒவ்வொரு பொருளாகச் சேர்த்து யூரியாவை அளந்தார்கள். முதலில் தேர்ந்தெடுத்த கரைசல் சரியில்லை என்றால் கரைசலை மாற்றினார்கள். கல்லீரலை அரைத்துப் பார்த்தால் யூரியா உருவாவது நின்றுபோனது. சிதையாத உயிரணுக்கள் இருந்தால்தான் அது நடக்கும். ஏன் என்பது அப்போது தெரியவில்லை.

அவ்வாறு சேர்த்துப் பார்த்த பொருள்களில் ஒன்று ஆர்னிதைன் என்ற அமினோ அமிலம். அதைச் சேர்த்ததும் யூரியா பெருகியது. ஆர்னிதைன் யூரியாவாக மாறியிருக்க வேண்டும் என்றால் கணக்கு உதைத்தது. ஆர்னிதைன் அளவைக் குறைத்துக்கொண்டே போனபோது, ஒரு மூலக்கூறு ஆர்னிதைன் இருபதுக்கும் மேற்பட்ட யூரியா மூலக்கூறுகளுக்கு வழிவிட்டது தெரிந்தது. அப்படியானால் அது செலவாகவில்லை. மீண்டும் மீண்டும் திரும்பி வருகிறது. ஆர்ஜினைன் என்ற மற்றோர் அமிலம் நீரோடு சேர்ந்து உடையும்போது யூரியாவும் ஆர்னிதைனும் கிடைக்கும் என்பது 1904 முதலே தெரிந்த செய்தி. இரண்டுக்கும் நடுவே ஒரு படி குறைந்தது. தர்ப்பூசணியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டிருந்த சிட்ரூலின் அந்த இடத்தில் பொருந்தியது. ஆர்னிதைன், சிட்ரூலின், ஆர்ஜினைன், மீண்டும் ஆர்னிதைன். உயிர்வேதியியலில் கண்டறியப்பட்ட முதல் வளர்சிதைமாற்றச் சுழற்சி 1932-இல் இப்படி எழுதப்பட்டது.

மின்னல் வெட்டியது போல் ஒரு கணத்தில் உண்மை தெரிந்தது என்று இதை எழுதுவது எளிது. ஆனால் ஆர்னிதைனின் விளைவைப் பார்த்ததற்கும் அதன் பொருளை உணர்ந்ததற்கும் இடையே வாரங்கள் கழிந்தன. சிட்ரூலினைப் பொருத்த மேலும் மாதங்கள். ஹென்சலைட் பின்னர் ஆய்வை விட்டு மருத்துவராகிவிட்டார். அவர் பெயர் அறிஞர்களின் வரிசையில் இல்லை, உப்புநீரில் இருக்கிறது. 'கிரெப்ஸ்-ஹென்சலைட் கரைசல்' என்ற பெயரில் அவர்கள் கலந்த அந்த நீர் இன்றும் உலகெங்கும் உறுப்புகளையும் திசுக்களையும் உயிரோடு வைத்து ஆராயும் ஆய்வகங்களில் கலக்கப்படுகிறது.

*

1933 ஏப்ரலில் யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. கிரெப்ஸ் உடனே விலக்கப்பட்டார். அதே ஏப்ரலில், அதே ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தின் ரெக்டராக மார்ட்டின் ஹைடெக்கர் தேர்ந்தெடுக்கப்பட்டார். தமிழ்ச் சிற்றிதழ்ச் சூழலில் ஹைடெக்கரின் அந்தப் பதவி பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. அதே வளாகத்திலிருந்து வெளியேறிக்கொண்டிருந்த மருத்துவரைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. சிந்தனையின் வரலாறு தத்துவத் துறையில் மட்டும் நடப்பதாக எண்ணும் வழக்கத்தின் விளைவு இது என்றே நாங்கள் கருதுகிறோம்.

ஃப்ரெடரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸின் அழைப்பின்பேரில் 1933 ஜூனில் கிரெப்ஸ் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். தம் கருவிகளைக் கொண்டுவர அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. பெட்டிகளில் மானோமீட்டர்கள் வந்தன. நாடிழந்த மனிதர் தம் கேள்வியையும் அதைக் கேட்பதற்கான கண்ணாடிக் குழாய்களையும் சேர்த்தே தூக்கி வந்தார். இந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டவில்லை. அதே சட்டத்தால் விலக்கப்பட்டவர்களில் பலர் ஆய்வை இழந்தார்கள்; சிலர் உயிரையே இழந்தார்கள். கிரெப்ஸின் கதையை அவருடைய மனவலிமையின் கதையாக மட்டும் சொன்னால், அழைத்த ஹாப்கின்ஸும் பணம் கொடுத்த ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் 1935-இல் வேலை கொடுத்த ஷெஃபீல்ட் பல்கலைக்கழகமும் மறைந்துபோகின்றன. புகலிடம் என்பது இத்தகைய கைகள் சேர்ந்து உண்டாக்குவது.

ஷெஃபீல்டில் 1937-இல் வில்லியம் ஜான்சன் என்ற மாணவரோடு சேர்ந்து, இம்முறை புறாவின் மார்புத் தசையைக் கொண்டு, சிட்ரிக் அமிலச் சுழற்சியை அவர் நிறுவினார். அதை 'நேச்சர்' மறுத்த கதைதான் எல்லோருக்கும் தெரியும். அறியாமை மேதைமையை நிராகரித்தது என்றே அது சொல்லப்படுகிறது. ஆனால் அந்தக் கடிதத்தில் ஆசிரியர் சொன்னது, ஏழெட்டு வாரங்களுக்குப் போதுமான கடிதங்கள் ஏற்கெனவே கையில் குவிந்துள்ளன என்பதுதான். அது மதிப்பீடு அன்று, வரிசையில் இடமின்மை. கிரெப்ஸ் கட்டுரையை ஹாலந்திலிருந்து வந்த 'என்சைமோலோகியா'வுக்கு அனுப்பினார்; அச்சாயிற்று; வேலை தொடர்ந்தது. அவமதிப்பு வேண்டும் என்று தேடுபவர்களே அந்தக் கடிதத்தில் அவமதிப்பைக் காண்கிறார்கள்.

*

இந்தச் சுழற்சிகள் உயிரணுவில் எங்கே சுழல்கின்றன என்பது அப்போது விளங்கியிருக்கவில்லை. 1948-இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஹோஜ்பூம், ஷ்னைடர், பலாடே ஆகிய மூவரும் எலியின் கல்லீரலிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைச் சிதையாமல் பிரித்தெடுக்கும் முறையைச் சர்க்கரைக் கரைசலைக் கொண்டு உருவாக்கினார்கள். அதே ஆண்டு சிகாகோவில் யூஜின் கென்னடியும் ஆல்பர்ட் லெனிஞ்சரும், கிரெப்ஸின் சிட்ரிக் அமிலச் சுழற்சியும் அதையொட்டி ஏடிபி உருவாவதும் அந்த மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடப்பதைக் காட்டினார்கள்.

பிற்பாடு யூரியாச் சுழற்சியின் இருப்பிடமும் தெரியவந்தது. அது ஒரே அறையில் நடப்பதில்லை. அம்மோனியாவைப் பிணைக்கும் முதற்படியும், ஆர்னிதைன் சிட்ரூலினாகும் படியும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள். எஞ்சியவை வெளியே, சைட்டோபிளாசத்தில். சிட்ரூலின் உள்ளறையிலிருந்து வெளியே வருகிறது; ஆர்னிதைன் மீண்டும் உள்ளே போகிறது. முதற்படிக்கு வேண்டிய ஏடிபியையும் அந்த உள்ளறையே தருகிறது. கல்லீரலை அரைத்தபோது ஃப்ரைபர்க்கில் யூரியா நின்றுபோனதன் காரணம் இப்போது புரிகிறது. வீட்டை இடித்தால் உள்ளறை, வெளியறை என்ற வேறுபாடும் போய்விடும். இரண்டுக்கும் நடுவே நடந்த போக்குவரத்தும் நின்றுவிடும்.

*

பரிசு வந்த மறு ஆண்டு, 1954-இல், கிரெப்ஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சென்றார். லெனர்ட் எகிள்ஸ்டன், ரெஜினால்ட் ஹெம்ஸ் ஆகிய ஆய்வக நுட்பர்களும் உடன் இருந்தார்கள். நுட்பர்களின் பெயர்களைக் கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையிலேயே சேர்ப்பது கிரெப்ஸின் ஆய்வகத்தில் வழக்கம். 1966-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் ஹெம்ஸின் பெயரே முதலில் நிற்கிறது. எலியின் கல்லீரலைச் சீவாமலே, அதன் இரத்தக் குழாய் வழியாகத் திரவத்தைச் செலுத்தி, முழு உறுப்பாக உயிரோடு வைத்து, அது குளுக்கோஸ் உருவாக்குவதை அளக்கும் முறை அது. மெல்லிய சீவலில் தொடங்கியவர் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் முழு உறுப்பை வந்தடைந்தார். கருவிகள் வளர வளர அறிவியலாளர்கள் மேலும் மேலும் சிறியதை நோக்கிப் போவதே வழக்கம். கிரெப்ஸ் எதிர்த்திசையிலும் நடந்தார்.

1967-இல் வில்லியம்சன், பட்ரிஷியா லண்ட், கிரெப்ஸ் மூவரும் வெளியிட்ட கட்டுரையை அவரது பிற்கால ஆய்வின் உச்சம் என்று நாங்கள் கருதுகிறோம். அதைச் சற்று விளக்க வேண்டும்.

உயிரணுவில் என்ஏடி என்றொரு மூலக்கூறு உண்டு. அதை ஹைட்ரஜன் சுமக்கும் கூடை என்று வைத்துக்கொள்வோம். உணவு சிதையும்போது வெறுங்கூடை நிறைகிறது. ஆக்சிஜனிடம் ஹைட்ரஜனைக் கொடுத்ததும் மீண்டும் வெறுங்கூடையாகிறது. ஒரு நேரத்தில் வெறுங்கூடைகள் எத்தனை, நிறைகூடைகள் எத்தனை என்ற விகிதம் தெரிந்தால், அந்த உயிரணு எத்திசையில் இயங்கும் என்று சொல்லிவிடலாம்: சர்க்கரையை எரிக்குமா, உருவாக்குமா, கொழுப்பை உடைக்குமா, சேர்க்குமா.

ஆனால் இந்தக் கூடைகளை எண்ணுவது எப்படி? கல்லீரலை அரைத்து எண்ணினால் உள்ளறைக் கூடைகளும் வெளியறைக் கூடைகளும் கலந்துவிடும். பல கூடைகள் நொதிகளோடு ஒட்டிக் கிடப்பவை. அவை சந்தைக்கு வருவதில்லை. ஆகவே அரைத்துப் பெறும் எண் சரியாக அளக்கப்பட்டதாக இருக்கும், பொருளற்றதாகவும் இருக்கும்.

அவர்கள் கூடைகளை எண்ணவில்லை. கூடைகளின் விகிதத்தைப் பிரதிபலிக்கும் வேறு பொருள்களை அளந்தார்கள். லாக்டேட்டைப் பைருவேட்டாக மாற்றும் நொதி வெளியறையில் மட்டுமே உள்ளது. அது எப்போதும் சமநிலையை ஒட்டியே இயங்குகிறது. எனவே லாக்டேட், பைருவேட் ஆகியவற்றின் விகிதத்தைக் கண்டால் வெளியறைக் கூடைகளின் நிலையைக் கணக்கிட்டுவிடலாம். பட்டினியில் பெருகும் இரு கீட்டோன் பொருள்களை ஒன்றை மற்றொன்றாக மாற்றும் நொதியோ மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருக்கிறது. அவற்றின் விகிதம் உள்ளறையைக் காட்டும். இந்த எண்ணத்தின் விதையை 1950-களில் ஜெர்மனியில் தேயோடோர் பூக்கர் போன்றோர் இட்டிருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்ட் குழு அதைக் கல்லீரலில் முழுமையாக நடத்திக் காட்டியது. இவ்விகிதங்கள் சில நொடிகளிலேயே மாறிவிடும் என்பதால், திரவ நைட்ரஜனில் குளிர்வித்த உலோகத் தகடுகளுக்கு நடுவே கல்லீரலை நொடிப்பொழுதில் அழுத்தி உறையவைத்தார்கள்.

விடை வியப்பானது. வெளியறையில் ஒரு நிறைகூடைக்குச் சுமார் 700 வெறுங்கூடைகள். உள்ளறையில் ஒரு நிறைகூடைக்குச் சுமார் 8 மட்டுமே. ஒரே உயிரணுவுக்குள், ஒரு மெல்லிய சவ்வின் இரு பக்கங்களிலும், ஏறத்தாழ நூறு மடங்கு வேறுபட்ட இரண்டு உலகங்கள். அந்த வேறுபாட்டால்தான் சர்க்கரையைச் சிதைக்க வெறுங்கூடைகள் வெளியே தாராளமாகக் கிடைக்கின்றன. ஏடிபி உருவாக்க நிறைகூடைகள் உள்ளே தயாராக நிற்கின்றன. 1932-இல் 'அரைத்தால் நின்றுவிடுகிறது' என்று மட்டும் எழுத முடிந்தவர், 1967-இல் அரைக்காமலே இரு அறைகளின் கணக்கையும் தனித்தனியே எழுதிவிட்டார்.

இது வெறும் எண்ணாக நின்றுவிடவில்லை. 1969-இல் கிரெப்ஸின் குழு, மது கல்லீரலின் குளுக்கோஸ் உற்பத்தியை எப்படித் தடுக்கிறது என்று காட்டியது. மது எரியும்போது வெளியறைக் கூடைகள் நிறைந்து வழிகின்றன. லாக்டேட் பைருவேட்டாக மாற வெறுங்கூடைகள் கிடைப்பதில்லை. குளுக்கோஸுக்கான மூலப்பொருள் வறண்டுவிடுகிறது. வெறும் வயிற்றில் நிறையக் குடிப்பவர் இரத்தச் சர்க்கரை சரிந்து மயங்கி விழுவதன் பின்னால் இந்தக் கூடைக் கணக்கு இருக்கிறது. 'போதை தலைக்கேறிவிட்டது' என்று திண்ணையில் கிடத்திவிட்டுப் போகும் உறவினர்களுக்கு அது உயிர்க் கணக்கு. பிறவியிலேயே மைட்டோகாண்ட்ரியா பழுதுபட்ட குழந்தைகளைக் கண்டறிய இன்றும் மருத்துவர்கள் இரத்தத்தில் லாக்டேட், பைருவேட் விகிதத்தைப் பார்க்கிறார்கள். நீரிழிவுக்காகப் பல கோடிப் பேர் விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரை கல்லீரலின் குளுக்கோஸ் உற்பத்தியைக் குறைக்கிறது. அது எவ்வழியில் என்பதில் இன்னும் விவாதம் உண்டு. 2014-இல் முன்வைக்கப்பட்ட ஒரு விளக்கம் இதே கூடைகளின் விகிதத்தைத்தான் சுட்டுகிறது.

*

இதற்கு மறுப்புகள் உண்டு என்பதை நாங்கள் அறிவோம். கிரெப்ஸ் கல்லீரலை அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் மரபுக்குறி வாசிக்கப்பட்டது. மூலக்கூறு உயிரியல் எழுந்தது. பீட்டர் மிட்செல் 1961-இல் மைட்டோகாண்ட்ரியா ஏடிபியை உருவாக்கும் விதத்துக்கு முற்றிலும் புதிய விளக்கத்தை முன்வைத்தார். அவற்றோடு ஒப்பிட்டால் கிரெப்ஸின் பிற்கால வேலை பழைய வீட்டைக் கூட்டிப் பெருக்கும் வேலைதானே என்று கேட்கலாம். புதிய கண்டங்களைக் கண்டவர், பிறகு தம் தோட்டத்துக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தார் என்றும் சொல்லலாம்.

புதுமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இந்த மறுப்பு சரியே. ஆனால் அந்த அளவுகோல் போதாது. சுழற்சியைக் கண்டுபிடிப்பது, படிகள் எவை என்று சொல்வது. அந்தப் படிகள் பட்டினியில் ஏன் ஒரு திசையிலும் விருந்துக்குப் பின் ஏன் மற்றொரு திசையிலும் ஓடுகின்றன என்று சொல்வது வேறு வேலை. வரைபடம் வேறு, ஊரின் வாழ்க்கை வேறு. நோயாளியின் படுக்கையருகே நிற்கும் மருத்துவருக்கு இரண்டாவதுதான் வேண்டும். மருத்துவராகத் தொடங்கிய கிரெப்ஸ், 67 வயதில் ஒரு மருத்துவமனைக்குள் ஆய்வகம் அமைத்துக்கொண்டதில் தற்செயல் எதுவும் இல்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு. பரிசு பெற்றவருக்கே ஓய்வுக்குப் பின் ஆய்வகம் கிடைக்கும். பரிசு பெறாத எத்தனையோ பேர் அறுபதோடு வெளியேற்றப்படுகிறார்கள். அப்படியிருக்க, பரிசை மறந்துவிட்டு இரண்டாம் பாதியைப் பற்றி எப்படிப் பேச முடியும்? உண்மை. அதனால்தான் பரிசை முடிவாக அல்லாமல் கருவியாகப் பார்க்க வேண்டும் என்கிறோம். கிரெப்ஸ் தம் பெயரின் செல்வாக்கை இடமாகவும் நுட்பர்களின் சம்பளமாகவும் எலிகளாகவும் திரவ நைட்ரஜனாகவும் மாற்றிக்கொண்டார்.

*

இந்தப் பழக்கத்தின் இழப்பு நமக்கு அருகிலேயே தெரிகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1923-இல் பாஸ்டன் சென்ற எல்லாப்ரகடா சுப்பாராவ், சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1925-இல் பாஸ்பரஸை அளக்கும் எளிய முறையை உருவாக்கினார். 1929-இல் இருவரும் வெளியிட்ட கட்டுரை தசையிலும் கல்லீரலிலும் உள்ள பாஸ்பரஸ் சேர்மங்களைப் பற்றியது; மைட்டோகாண்ட்ரியா உருவாக்கும் அதே ஏடிபிதான் அதன் பொருள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைக் கண்டார். பின்னர் சுப்பாராவ் பல ஆண்டுகள் கல்லீரல் சாற்றில் இரத்தசோகைக்கான மருந்துப் பொருளைத் தேடினார்.

சுப்பாராவைப் பற்றி நம் இதழ்களில் வருபவை பெரும்பாலும் ஒரே வாக்கியத்தின் விரிவுகள்: அவருக்கு நோபல் கிடைக்கவில்லை. கிடைக்காத பரிசைச் சுற்றி எழுதுவதும் கிடைத்த பரிசைச் சுற்றி எழுதுவதும் ஒரே பழக்கத்தின் இரு முகங்கள்தாம். பாஸ்பரஸை அளப்பது அதற்கு முன் ஏன் கடினமாக இருந்தது, அவர் முறை அதை எப்படி எளிதாக்கியது, அந்த நீலநிறக் கரைசல் எத்தனை ஆய்வகங்களில் எத்தனை கேள்விகளுக்கு விடை தந்தது என்றெல்லாம் எழுதினால், அவருக்கு நேர்ந்த அநீதியின் கனமும் கூடவே புரியும். செய்த வேலை இன்னதென்று தெரியாமல் இழப்பு இன்னதென்று எப்படித் தெரியும்?

வேறு விதமாக எழுத முடியும் என்பதற்குச் சான்று கிரெப்ஸுக்கே வாய்த்த வரலாற்றாசிரியர். ஃப்ரெடரிக் ஹோம்ஸ், கிரெப்ஸின் ஆய்வகக் குறிப்பேடுகளைப் பக்கம் பக்கமாகப் படித்து, அவரோடு நீண்ட உரையாடல்கள் நடத்தி, 1991-லும் 1993-லும் இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்டார். இரண்டு தொகுதிகளும் 1937-ஓடு நின்றுவிடுகின்றன. ஆனால் அந்த எல்லைக்குள் எந்த நாள் எந்தச் சோதனை தோற்றது, மறுநாள் எது மாற்றப்பட்டது என்பதெல்லாம் அங்கே உண்டு. நாவல் வாசகர்கள் அதை எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஒரு மனம் தன் எண்ணத்தை மெல்ல மெல்ல மாற்றிக்கொள்வதைத்தானே நல்ல நாவல்களும் காட்டுகின்றன?

கிரெப்ஸும் தம்மைத் தனி மேதையாகக் கண்டவரல்லர். ஓய்வு பெற்ற அதே 1967-இல் 'நேச்சர்' இதழில், அறிவியலாளர் எப்படி உருவாகிறார் என்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வார்பர்க்கின் ஆசிரியர் எமில் ஃபிஷர், அவருடைய ஆசிரியர் பேயர், அவருக்கு முன் கெகுலே, லீபிக் என்று தம் குரு பரம்பரையை அதில் வரிசைப்படுத்தினார். தம் கேள்விக்கு இடங்கொடாத வார்பர்க்கைப் பற்றியும், முதுமையில் ஒரு முழு வாழ்க்கை வரலாறே எழுதினார். குறைகளை மறைக்காமல், கற்றதையும் மறக்காமல் எழுதப்பட்ட நூல் அது.

தமிழில் அறிவியலாளர்களைப் பற்றி எழுத முனையும் நண்பர்களிடம் நாங்கள் கேட்பது சிறிய ஒன்றுதான். பரிசளிப்பு மேடையைக் கடந்து அடுத்த நாள் காலை ஆய்வகத்துக்குள் செல்லுங்கள். அங்கே மேசைமேல் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். கிரெப்ஸின் நோபல் பதக்கம் 2015-இல் லண்டனில் ஏலம் போனது. அந்தப் பணம் நாடிழந்து வரும் இளம் அறிவியலாளர்களுக்கு உதவும் அறக்கட்டளைக்குச் சென்றது. அவரும் ஹென்சலைட்டும் கலந்த உப்புநீரோ இன்று காலையும் ஏதோ ஓர் ஆய்வகத்தில் கலக்கப்பட்டிருக்கும்.